பணி ஓய்வுக்குப் பிறகு வெளிநாட்டுப் பள்ளியில் ஆசிரியர்களுக்கு வழிகாட்டப் போகலாமா?

"33 ஆண்டுகள் ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். வெளிநாட்டுப் பள்ளி ஒன்று, நான்கு மாதம் தங்கி அங்குள்ள இளம் ஆசிரியர்களுக்கு வழிகாட்ட முடியுமா என்று கேட்கிறது. சம்பளம் கிடையாது, தங்குமிடம் தருகிறார்கள். என் அனுபவம் அந்த வகுப்பறைகளுக்கு உதவுமா? என்ன தயாரிப்போடு போக வேண்டும்?" இதுதான் உங்கள் கேள்வி.

போகலாம். உடல்நிலை இடம் கொடுத்தால் கட்டாயம் போங்கள் என்பேன். நானும் ஓய்வுக்குப் பிறகு இரண்டு நாடுகளில், இரண்டு பள்ளிகளில் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். முதல் பள்ளியில் தவறு செய்து கற்றுக்கொண்டதால்தான் இரண்டாவதில் ஓரளவு உருப்படியாக வேலை பார்க்க முடிந்தது. விசா, தடுப்பூசி எல்லாம் பிறகு பேசலாம். முதலில் அந்தத் தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள். ஐந்தாம் வகுப்பில் ஓர் இளம் ஆசிரியை பின்னம் நடத்திக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. எனக்குக் கை பரபரத்தது. "ஒரு நிமிடம் நான் சொல்லிக் காட்டட்டுமா?" என்று கேட்டவன், அவர் தலையசைப்பதற்குள் எழுந்து முன்னால் போய்விட்டேன். ஒரு தாளை மடித்து, மடித்ததை மறுபடியும் மடித்து, பாதியில் பாதி கால் என்று காட்டினேன். வகுப்பே கலகலப்பாகிவிட்டது. நல்ல காரியம் செய்த நிறைவோடு வெளியே வந்தேன். மறுநாள் அவர் வகுப்புக்குள் நுழைந்ததும் ஒரு பையன் எழுந்து, "இன்றைக்கு அவர் வந்து நடத்த மாட்டாரா?" என்று கேட்டிருக்கிறான். இதை அந்த ஆசிரியை என்னிடம் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து வேறொருவர் சொல்லித்தான் தெரியும். அந்தப் பத்து நாளும், நான் பின்வரிசையில் போய் உட்கார்ந்தாலே அவர் பிள்ளைகளை நோட்டில் எழுதச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தார். ஏன் என்பது அப்போதுதான் உறைத்தது. நான் சில மாதங்களில் கிளம்பிவிடுவேன், அவர்தான் அந்தப் பிள்ளைகள் முன்னால் ஆண்டு முழுவதும் நிற்க வேண்டும். அவர் மேல் அவர்களுக்கு இருந்த மதிப்பில் ஒரு பங்கை நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி ஒன்று உண்டு. ஆசிரியரே கேட்டாலொழிய வகுப்பின் முன்னால் போய் நிற்பதில்லை. கேட்டாலும் அவரும் நானும் சேர்ந்து நடத்துவது, பாடத்தை அவர் கையாலேயே முடித்துவைப்பது. உங்கள் 33 ஆண்டு அனுபவம் பயன்படாது என்று சொல்லவரவில்லை. ஒரு வகுப்பைப் பார்த்ததும் எந்த மூலையில் எந்தப் பிள்ளை கவனம் விட்டுவிட்டது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். புதிதாக வந்தவருக்கு அது தெரியாது. முதல் ஒரு மாதம் அந்தப் பார்வைதான் உங்கள் முழு வேலையும்.

வகுப்பறைக்கே போய்க் கூட இருந்து வழிகாட்டும் இந்த முறை உண்மையிலேயே பலன் தருமா என்றால், தரும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 1980-களில் அமெரிக்க ஆய்வாளர்கள் புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் ஆசிரியர் பயிற்சிகளை ஆராய்ந்து ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார்கள். கொள்கையை விளக்கி, செய்து காட்டி, பயிற்சி அரங்கிலேயே ஆசிரியர்களைச் செய்யவும் வைத்தாலும், வகுப்பறைக்கு வந்து கூட இருந்து உதவ ஆள் இல்லாவிட்டால் கற்றதில் பெரும்பகுதி வகுப்பறைக்கு வந்து சேர்வதில்லை. தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மாகாணத்தில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். தொடக்க வகுப்புகளில் தாய்மொழியான செட்ஸ்வானாவில் வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்கள் அவர்கள். அவர்களை இரண்டு தரப்பாகப் பிரித்தார்கள். இரு தரப்புக்கும் ஒரே பாடக்குறிப்பு, ஒரே வாசிப்புப் புத்தகங்கள். ஒரு தரப்பை ஓரிடத்தில் கூட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். மற்றொரு தரப்புக்கு வழிகாட்டி ஒருவர் அவ்வப்போது வகுப்புக்கே வந்து போனார். இரண்டு ஆண்டு முடிவில், இந்த உதவி எதுவும் பெறாத பள்ளிகளோடு ஒப்பிட்டபோது, வழிகாட்டி வந்த பள்ளிகளில் பிள்ளைகளுக்குக் கிடைத்த கூடுதல் முன்னேற்றம் ஓரிடத்தில் கூட்டிப் பயிற்சி கொடுத்த தரப்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு.

2018-இல் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேத்யூ கிராஃப்டும் அவருடைய சகாக்களும் இப்படிப்பட்ட 60 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். கற்பிக்கும் முறை, பிள்ளைகளின் கற்றல் இரண்டுமே மேம்படுகின்றன என்பது முதல் முடிவு. திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலன் குறைகிறது என்பது அடுத்த முடிவு. நீங்கள் போவது ஒரே ஒரு பள்ளிக்கு, ஏழெட்டு ஆசிரியர்களுக்காக. சின்ன வேலையாக இருக்கிறதே என்று குறைப்பட்டுக்கொள்ளாதீர்கள். இந்த வேலை நன்றாக நடப்பதே அந்த அளவில்தான்.

நேரில் போகாமல் வீடியோ அழைப்பில் முடித்துவிட முடியாதா என்று வீட்டில் கேட்பார்கள். தென்னாப்பிரிக்காவிலேயே பின்னர் அதையும் ஒப்பிட்டார்கள். முதல் ஆண்டில் டேப்லெட் வழி வழிகாட்டலும் நேரடி வழிகாட்டலும் ஏறத்தாழ சமமாகவே இருந்தன. மூன்றாம் ஆண்டு முடிவில் ஆங்கில வாசிப்பில் நேரடி முறை தெளிவாக முந்திவிட்டது. நேரில் பழகிய பிறகு போனில் தொடர்வது நன்றாகவே நடக்கிறது என்பது என் அனுபவம்.

சரி, போன இடத்தில் என்ன செய்வது? வகுப்பின் பின்னால் நோட்டும் பேனாவுமாக உட்காருகிற யாரும் அந்த ஆசிரியர்கள் கண்ணுக்குச் சோதனை போட வந்த கல்வி அதிகாரிதான். நீங்கள் எவ்வளவு சிரித்துப் பேசினாலும் அந்தப் பயம் தானாகப் போகாது. முதல் நாளே தலைமையாசிரியரிடம், முடிந்தால் ஆசிரியர்கள் எல்லோரும் இருக்கும்போதே, ஒன்றைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதும் குறிப்பு அந்தந்த ஆசிரியரிடம் மட்டும்தான் போகும், பதவி உயர்வுக்கோ வருடாந்திர மதிப்பீட்டுக்கோ அதை யாரும் கேட்கக் கூடாது. சில தலைமையாசிரியர்களுக்கு இது பிடிக்காது. "அவர் எப்படி நடத்துகிறார், உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று தேநீர் நேரத்தில் சாதாரணமாகக் கேட்பார்கள். "அவரிடமே கேளுங்கள், நன்றாகச் சொல்வார்" என்று முடித்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை வாய் தவறினால் போதும், மறுநாளிலிருந்து எல்லா வகுப்பிலும் உங்களுக்காக ஒத்திகை பார்த்த பாடம்தான் நடக்கும்.

குறிப்பையும் ஒளித்து எழுதாதீர்கள். இரண்டாவது பள்ளியில், வகுப்பு முடிந்த கையோடு அந்தத் தாளையே ஆசிரியரிடம் கொடுத்துவிடுவேன், பிரதி எடுத்துக்கொள்வதில்லை. இரண்டாம் வாரத்துக்குள் அவர்களே "நாளைக்கு என் வகுப்புக்கு வாருங்கள்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

இன்னொரு தொல்லை, ஆசிரியர் யாராவது விடுப்பு எடுத்தால் "இந்த பீரியட் மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்களேன்" என்பார்கள். ஒருநாள் இரண்டு நாள் பரவாயில்லை. மூன்றாம் வாரம் உங்களுக்கென்று ஒரு கால அட்டவணையே போட்டுவிடுவார்கள். சம்பளம் இல்லாத ஓர் ஆசிரியர் கிடைத்துவிட்டால் சம்பளம் கொடுத்து ஒருவரை நியமிக்க வேண்டிய அவசரம் போய்விடும். அந்த ஊர்க்காரர் ஒருவருக்குக் கிடைக்க வேண்டிய வேலை அது. இதில் தயவுதாட்சண்யம் பார்க்காதீர்கள்.

பின்வரிசையில் உட்கார்ந்து எதைப் பார்ப்பது? ஆசிரியரைப் பார்க்காதீர்கள், பிள்ளைகளைப் பாருங்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். நான்காம் வகுப்பு, கழித்தல். 402-இலிருந்து 178-ஐக் கழிக்க வேண்டும். ஆசிரியர் முன்வரிசையில் இருவரைக் கேட்டார். இருவருமே 224 என்றார்கள். "எல்லோருக்கும் புரிந்ததா?" என்றார், "புரிந்தது" என்று வகுப்பே சொன்னது, அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்த எட்டுப் பிள்ளைகளின் நோட்டை எட்டிப் பார்த்தேன். ஐந்து பேர் எழுதியிருந்தது 376.

கவனக்குறைவால் வரும் தப்பு இல்லை இது. இரண்டிலிருந்து எட்டைக் கழிக்க முடியாது என்றதும், எட்டிலிருந்து இரண்டைக் கழித்து 6 போடுகிறார்கள். பூஜ்யத்திலிருந்து ஏழு போகாது, அதனால் ஏழிலிருந்து பூஜ்யத்தைக் கழித்து 7. நான்கில் ஒன்று போக 3. பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்க வேண்டும் என்று முன்னொரு வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே, நேர்மையாகப் பின்பற்றியிருக்கிறார்கள். எந்த நாட்டில் பார்த்தாலும் பிள்ளைகள் இந்தத் தப்பை இதே மாதிரிதான் செய்கிறார்கள்.

வகுப்பு முடிந்ததும் அந்த ஆசிரியரிடம் "இடமதிப்பைக் குச்சிக் கட்டுகளை வைத்துச் சொல்லியிருக்கலாமே" என்று நான் ஆரம்பித்திருந்தால், அவர் தலையாட்டிவிட்டு அதோடு மறந்திருப்பார். அதற்குப் பதில் தாளில் இரண்டே வரி எழுதிக் கொடுத்தேன். "பின்வரிசையில் ஐந்து நோட்டில் விடை 376. அந்தப் பிள்ளைகள் என்ன நினைத்து இப்படிப் போட்டிருப்பார்கள்?" அவர் தாளைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் அந்தத் தாளிலேயே கழித்துப் பார்த்தார். "அட, தலைகீழாகக் கழித்திருக்கிறார்கள்" என்றார். என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்கவில்லை. மறுநாள் போர்டில் 376 என்று எழுதி, "இந்த விடை எப்படி வந்திருக்கும், யாராவது சொல்லுங்கள்" என்று வகுப்பை ஆரம்பித்தார். அவ்வளவு நாளும் வாயே திறக்காத பின்வரிசை அன்று பேசியது. என் ஆசிரியர் வாழ்க்கையிலேயே நான் மிகவும் மகிழ்ந்த நாட்களில் அது ஒன்று, அன்று பாடம் நடத்தியது நான் இல்லை என்றாலும்.

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு தாளில் பெஞ்சுகளைக் கட்டமாக வரைந்து, ஆசிரியர் எந்தப் பிள்ளையைக் கேள்வி கேட்கிறாரோ அங்கே ஒரு புள்ளி வையுங்கள். பீரியட் முடியும்போது புள்ளிகள் எங்கே குவிந்திருக்கின்றன, எந்தப் பெஞ்சில் ஒன்றுகூட இல்லை என்று தாளே சொல்லிவிடும். இன்னொன்று, கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் எவ்வளவு நேரம் பொறுக்கிறார் என்று மனதுக்குள் எண்ணுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் ஏராளமான வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பார்த்துச் சொன்னது இது. ஆசிரியர்கள் சராசரியாக ஒரே ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள், அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியை மாற்றுகிறார்கள் அல்லது அடுத்த பிள்ளைக்குத் தாவுகிறார்கள். மூன்று விநாடியாவது பொறுத்தால் பதில்கள் நீளமாகின்றன, பதில் சொல்லாமல் விடுவது குறைகிறது, மெதுவாகக் கற்கும் பிள்ளைகளும் வாய் திறக்கிறார்கள். எந்த மொழியில் நடக்கும் வகுப்பிலும் இதை முயன்று பார்க்கலாம், பைசா செலவில்லை. வழிகாட்டும் நமக்கும் இது பொருந்தும். ஆசிரியரிடம் கேள்வி கேட்டால் அவர் யோசிக்க விடுங்கள், மௌனத்தை நிரப்ப அவசரப்படாதீர்கள்.

பார்த்ததையெல்லாம் ஒரே நாளில் சொல்லவும் வேண்டாம். பத்து குறை கண்ணில் பட்டாலும் ஒரு வாரத்துக்கு ஒன்று போதும், அதையும் ஆசிரியரே தேர்ந்தெடுக்கட்டும். "இந்த வாரம் நான் எதைப் பார்க்கட்டும்?" என்று வகுப்புக்கு முன்பே கேட்டுவிட்டுப் போங்கள். முதலில் ஒப்புக்கு ஏதாவது சொல்வார்கள். போகப்போக உண்மையான கவலையைச் சொல்வார்கள். வகுப்பை அடக்க முடியவில்லை, ஒரே அறையில் இரண்டு வகுப்பை வைத்துச் சமாளிக்க முடியவில்லை, பாடத்தை முடிக்க நாள் போதவில்லை என்று வரும். நமக்குப் பெரிதாகப் படும் கற்பித்தல் முறை அவர்களுக்குப் பத்தாவது கவலையாக இருக்கலாம். அவர்களின் முதல் கவலையிலிருந்து தொடங்குவதுதான் மரியாதை, பலனும் அதில்தான் கிடைக்கும். ஆசிரியர்கள் வேலையை விட்டுப் போவது உலகம் முழுக்கப் பெருகியிருக்கிறது. யுனெஸ்கோ கணக்குப்படி, தொடக்கப்பள்ளி ஆசிரியர்களில் ஆண்டுதோறும் பணியை விடுவோர் விகிதம் 2015-க்கும் 2022-க்கும் இடையில் ஏறக்குறைய இரட்டிப்பாகி 9 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. 2030-க்குள் இன்னும் 4.4 கோடி ஆசிரியர்கள் தேவை என்பதும் அவர்கள் மதிப்பீடுதான். மனம் சோர்ந்திருக்கும் ஒருவரை வேலையில் தங்கவைப்பதும் உங்கள் வேலையில் அடக்கம்.

மொழி பற்றியும் யோசித்திருப்பீர்கள். பள்ளி ஆங்கிலவழியாக இருந்தாலும் வகுப்பறையில் அந்த ஊர் மொழி கலந்துதான் ஓடும். அதைக் குறையாக எழுதிவிடாதீர்கள். பிள்ளைகள் தாய்மொழியில் கற்பதே சிறந்தது என்று யுனெஸ்கோ 1953-லேயே அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஆசிரியர் ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்லிவிட்டுத் தங்கள் மொழியில் நான்கு வரி விளக்கினால், பெரும்பாலும் அந்த நான்கு வரியில்தான் கல்வி நடக்கிறது. போவதற்கு முன் அந்த மொழியில் சில வாக்கியங்களாவது கற்றுக்கொள்ளுங்கள். வணக்கம், நன்றிக்கு மேல் "எனக்குப் புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்பது அவசியம். 33 ஆண்டு அனுபவம் உள்ளவர் இதைச் சொல்லிக் கேட்கும்போது, இளம் ஆசிரியர்களுக்கும் "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லத் துணிவு வரும்.

இனி காகித வேலை. சம்பளம் இல்லையே என்று சுற்றுலா விசாவில் போய்விடாதீர்கள். பல நாடுகளில் ஊதியமில்லாத தன்னார்வப் பணியும் வேலைக் கணக்கில்தான் சேரும். எந்த வகை விசா என்பதைப் பள்ளி எழுத்தில் தரட்டும். காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழ் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் எடுத்துக்கொண்டு போங்கள், பிள்ளைகள் பாதுகாப்புக்கான விதிகள் என்ன என்று நீங்களே கேளுங்கள். எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்க வேண்டாம், அனுமதி இல்லாமல் பிள்ளைகளைப் படம் எடுக்கவும் வேண்டாம். மருத்துவக் காப்பீட்டில் உங்கள் வயதுக்கு வரம்பு உண்டா, ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம் அடங்குமா, அவசரத்தில் விமானத்தில் அழைத்துவரும் செலவு சேருமா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரும் இருக்கட்டும்.

போகும் நாடு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்கும் நாடு என்றால் இதை முன்கூட்டியே கவனியுங்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும். 2016 ஜூலையிலிருந்து ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும். ஆனால் 60 வயதுக்கு மேல் முதன்முறையாகப் போட்டுக்கொள்பவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். மருத்துவரிடம் வயதைச் சொல்லிக் கலந்துபேசாமல் போட்டுக்கொள்ளாதீர்கள்.

வயதைப் பற்றிய தயக்கம் வேண்டாம். தன்னார்வலர்களை வெளிநாடுகளுக்கு அனுப்ப அமெரிக்க அரசு 1961-இல் தொடங்கிய பீஸ் கோர் அமைப்பில் சேர அந்நாட்டுக் குடிமக்களுக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. பின்னாளில் அந்நாட்டு அதிபரான ஜிம்மி கார்ட்டரின் தாயார் லில்லியன் கார்ட்டர், 1966-இல் தம் 68-ஆவது வயதில் அதன் வழியாக இந்தியாவுக்கு வந்து செவிலியராகப் பணியாற்றினார். இதுபோன்ற பெரிய அமைப்பின் வழியாகப் போனால் விசா, காப்பீடு, அவசர உதவி எல்லாவற்றையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நேரடியாகப் பள்ளிக்குப் போகிற உங்கள் நிலையில் இவை எல்லாம் உங்கள் பொறுப்பு. நடுவில் யாராவது முகவர் கட்டணம் கேட்டால், அதில் எவ்வளவு பள்ளிக்குப் போய்ச் சேருகிறது என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

நான்கு மாதம் போதுமா என்றால், ஒரு பருவம் முழுவதையும் உள்ளடக்கியிருந்தால் போதும். நடுவில் தேர்வும் விடுமுறையும் ஆறு வாரத்தைத் தின்றுவிட்டால் போதாது. மூன்றாம் மாதத்திலிருந்தே உங்கள் இடத்தைக் காலி செய்யத் தொடங்குங்கள். ஜப்பானியப் பள்ளிகளில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு வழக்கம் இருக்கிறது. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் பின்னால் நின்று பிள்ளைகளைக் கவனிப்பார்கள். முடிந்ததும் அந்தப் பாடத்தைப் பற்றிப் பேசுவார்கள், ஆசிரியரைப் பற்றி அல்ல. இரண்டாவது பள்ளியில் இதை மாதம் ஒருமுறை என்று மூன்று ஆசிரியர்களோடு தொடங்கினோம். கடைசிக் கூட்டத்தில் நான் கலந்துகொள்ளவே இல்லை. புள்ளி வைக்கும் தாளை அந்த நான்காம் வகுப்பு ஆசிரியர் வைத்திருந்தார்.

டிக்கெட் எடுப்பதற்கு முன் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வரச் சொல்வது நிர்வாகமா, ஆசிரியர்களுக்கும் அதில் விருப்பம் உண்டா? எந்தெந்த ஆசிரியர்களோடு வேலை செய்யப்போகிறேன், என்னோடு உட்கார்ந்து பேச அவர்களுக்கு வாரத்தில் எத்தனை பீரியட் ஓய்வு கொடுப்பீர்கள்? என் குறிப்புகள் ஆசிரியர்களிடம் மட்டும் இருக்கும் என்பதற்குச் சம்மதமா? தேர்வும் விடுமுறையும் எந்தத் தேதிகளில் வருகின்றன? இவற்றில் இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலைத்தான் நான் முதலில் படிப்பேன். "மாலையில் பள்ளி விட்ட பிறகு பேசிக்கொள்ளலாம்" என்று எழுதியிருந்தால், கால அட்டவணையில் வாரம் ஒரு பீரியடாவது ஒதுக்க முடியுமா என்று மறுபடியும் கேளுங்கள். ஒதுக்கிய அட்டவணை கைக்கு வந்த பிறகு தேதியை முடிவு செய்யுங்கள்.